67 வேண்டாம் என்று விமானிகளே சொல்வது ஏன்?

ஜோலார்பேட்டையில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகள் காட்பாடியில் பிளஸ் டூ படிக்கிறாள், விமானி ஆக வேண்டும் என்கிறாள். ஓய்வு வயதை 65இலிருந்து 67 ஆக்கக் கூடாது என்று அமெரிக்க விமானிகள் சங்கமே எதிர்க்கிறதாமே? ரயில்வேயில் 58ஐ 60 ஆக்கியபோது எங்கள் ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். இரண்டு வருடம் கூடுதல் சம்பளத்தை ஒரு சங்கம் ஏன் வேண்டாம் என்கிறது? அங்கே சீனியாரிட்டி எப்படி? என் மகளுக்கு இதில் என்ன இருக்கிறது?"

ஐயா, ஒரு விமானிக்கு ஓய்வு வயது என்பது தான் எப்போது வீட்டுக்குப் போவோம் என்பதைவிட, தனக்கு முன்னால் நிற்பவர் எப்போது போவார் என்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். தமிழ்நாடு அரசு 2020இல் 58ஐ 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் கூட்டியபோது, உள்ளே இருந்தவர்கள் மகிழ்ந்தார்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வயிறு எரிந்தார்கள். விமான நிறுவனத்தில் அந்த இரண்டு தரப்பும் ஒரே சங்கத்துக்குள் சந்தா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் இன்றைய விதி. உலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, 2006 நவம்பரில் வரம்பை 60இலிருந்து 65 ஆக்கியது. இரண்டு விமானிகள் இருக்கும் விமானத்துக்குத்தான் இது. ஒருவர் 60ஐத் தாண்டியவராக இருந்தால் மற்றவர் 60க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. 2014 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ஒரே விமானி ஓட்டும் வணிகப் பறப்புக்கு இன்றும் 60தான். இந்தியாவிலும் 65தான் உச்சம். இந்த வரம்பைத் தன் எல்லைக்குள் தளர்த்திக்கொள்ள ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. ஜப்பான் 2015 முதல் 67 வரை விடுகிறது. ஆஸ்திரேலியாவில் உச்ச வயதே இல்லை. ஆனால் எல்லை தாண்டிப் பறந்தால், 65ஐத் தாண்டியவரை அடுத்த நாடு ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் கிடையாது. 67 பற்றிய வாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இப்போது வரிசை. உங்கள் பணியில் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து, ஷண்டிங், குட்ஸ், பாசஞ்சர், மெயில் என்று ஏறினீர்கள். எந்த லிங்க், எந்த வண்டி என்பதை சீனியாரிட்டிதான் சொன்னது. அமெரிக்க விமான நிறுவனங்களில் அதே முறை இன்னும் கடுமையாக இருக்கிறது. சேர்ந்த அன்றே ஒரு எண் தருவார்கள். எந்த ஊர் தளம், எந்த ரக விமானம், கேப்டனின் இடது இருக்கையா துணை விமானியின் வலது இருக்கையா, மாதத்தில் எந்தப் பயணங்கள், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்பது வரை அந்த எண்தான் முடிவு செய்யும். ஆட்குறைப்பு வந்தால் கடைசி எண்ணிலிருந்து வெளியேற்றுவார்கள். திறமைக்கு மதிப்பெண் போட்டு மேலே தூக்குவது கிடையாது. மோசமான வானிலையில் பறக்க மாட்டேன் என்று சொன்ன விமானியை மேலதிகாரி பழிவாங்க முடியாமல் செய்வது இந்த எண்தான். அதனால்தான் இந்த முறையைக் குறை சொல்பவர்கள்கூட அதைக் கைவிடத் துணிவதில்லை.

ஒரு கெடுதி உண்டு. எண் அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். ஒரு நிறுவனத்தில் இருபது வருடம் கேப்டனாக இருந்தவர் இன்னொன்றுக்கு மாறினால், பட்டியலின் அடியில், நேற்றுச் சேர்ந்த பையனுக்குக் கீழே நிற்க வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து வேறொரு டிவிஷனுக்கு சொந்த விருப்பத்தில் மாற்றல் கேட்டால் பாட்டம் சீனியாரிட்டியில் போக வேண்டும் அல்லவா, அதுபோலத்தான். ஆகவே விமானி தன் நிறுவனத்தோடு கட்டுண்டவர். தனக்கு மேலே இருப்பவர்கள் நகர்வதைத் தவிர அவருக்கு முன்னேற வேறு வழி குறைவு.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. ஒரு நிறுவனத்தில் 1000 விமானிகள், அதில் 500 கேப்டன் இடங்கள். உங்கள் மகளின் எண் 800. அவள் கேப்டன் ஆக மேலே உள்ள 300 பேர் போக வேண்டும். வருடத்துக்கு 30 பேர் ஓய்வு பெற்றால் பத்து வருடம். வரம்பை இரண்டு வருடம் தள்ளினால் அந்த இரண்டு வருடம் யாரும் வெளியே போகமாட்டார்கள், பத்து பன்னிரண்டு ஆகிவிடும். துணை விமானிக்கு மாதம் 3 லட்சம், கேப்டனுக்கு 7 லட்சம் என்று வைத்தால், 24 மாதத்தில் அவள் இழப்பது 96 லட்சம்.

"கடைசியில் அவளுக்கும் இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைக்குமே" என்பீர்கள். கிடைக்கும். 24 மாதம் கேப்டன் சம்பளம், 1 கோடியே 68 லட்சம். ஆனால் அவளுக்கு இப்போது 35 வயது என்றால் அந்தப் பணம் வருவது முப்பது வருடம் கழித்து. ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி வைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அது சுமார் 29 லட்சம்தான். பத்து வருடத்தில் வரும் 96 லட்ச இழப்போ இன்றைய மதிப்பில் சுமார் 54 லட்சம். அதுவும் 65 வயதில் மெடிக்கல் தேறினால்தான் அந்த 29. இன்று 64 வயதானவருக்கு முழு 1.68 கோடியும் கையில் வருகிறது, அவர் எதையும் இழப்பதில்லை. ஒரே விதி, ஒரே சங்கம், இரண்டு வேறு கணக்கு. நாற்பது வயதில் கடற்படையை விட்டு வெளியே வந்து நிறுவனத்தில் சேருபவருக்கு இது மூன்றாவது விதமாக இருக்கும். அரக்கோணம் ராஜாளி தளத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இப்படிப்பட்டவர்களைத் தெரிந்திருக்கும். தாமதமாகத் தொடங்கியவருக்கு முடிவில் கூடும் இரண்டு வருடம் பெரியது.

சங்கத்தின் நிலை ஏன் மாறிக்கொண்டே இருந்தது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். அமெரிக்காவில் 60 வயது விதி 1959 இறுதியில் அறிவிக்கப்பட்டு 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் விமானப் போக்குவரத்துத் துறையின் தலைவராக இருந்த எல்வுட் கெசாடா. அதற்கு முன் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி.ஆர். ஸ்மித், மூத்த விமானிகளை ஜெட்டுக்கு மாற்றுவதில் உள்ள சிரமத்தைச் சொல்லி அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். 60 என்ற எண் பிறந்ததில் மருத்துவத்துக்கு இருந்த பங்கைவிட நிர்வாகத்தின் வசதிக்கு இருந்த பங்கு பெரிது என்பதே என் எண்ணம். 1931இல் தொடங்கிய விமானிகள் சங்கமான அல்பா அன்று அந்த விதியை எதிர்த்தது. பிறகு நல்ல ஓய்வூதியம் வந்தது, 60இல் வீட்டுக்குப் போவது சுகமாயிற்று, மேலே இடம் காலியாவது இளையவர்களுக்கும் பிடித்தது. எதிர்த்த அதே சங்கம் விதியைக் காக்கத் தொடங்கியது.

2001க்குப் பிறகு நிறுவனங்கள் திவாலாகி ஓய்வூதியத் திட்டங்கள் கவிழ்ந்தன. யுனைடெட்டின் திட்டம் 2005இல் அரசு காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் விழுந்தது, விமானிகளுக்குக் கிடைக்க வேண்டிய தொகை வெட்டப்பட்டது. 58 வயதில் ஓய்வூதியம் போனவர் இன்னும் ஐந்து வருடம் பறக்க நினைப்பது இயல்பு. 2007இல் அல்பா தன் எதிர்ப்பைக் கைவிட்டது, அந்த ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி 65 சட்டமானது. அந்தச் சட்டம் பின்னோக்கிச் செல்லவில்லை. அதற்கு முன் 60 முடித்து வெளியேறியவர் திரும்பி வரலாம், ஆனால் பழைய எண் இல்லாமல் புதியவராகத்தான் வர வேண்டும். ஒரு வாரம் முன்னால் பிறந்தநாள் வந்தவருக்கும் ஒரு வாரம் பின்னால் வந்தவருக்கும் ஐந்து வருடச் சம்பள வித்தியாசம். கீழே இருந்தவர்களுக்கோ ஐந்து வருடத் தேக்கம், அதோடு 2008இன் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. அன்று வலது இருக்கையில் தேங்கிக் கிடந்தவர்கள்தான் இன்று சங்கத்தில் குரல் உள்ளவர்கள். 67 என்றதும் அவர்கள் கொதிப்பதில் வியப்பில்லை.

2023இல் அமெரிக்கக் கீழவை 67க்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 மே மாதம் கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் அது இல்லை. 2025இல் விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு ஐகாவோவிடம் 67 கேட்டது, அதுவும் ஏற்கப்படவில்லை. அல்பா சொன்ன வாதத்தில் வலுவானது முன்பு சொன்ன அந்த எல்லை முடிச்சுதான். ஒரு நாடு மட்டும் 67 ஆக்கினால், 65 முடித்த பெரிய விமானக் கேப்டன் வெளிநாடு பறக்க முடியாது. ஆனால் அவர் எண் பட்டியலின் உச்சியில் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து உள்நாட்டுச் சிறிய விமானத்தில் நல்ல இடத்தைப் பிடிப்பார், அங்கே இருந்தவர் கீழே தள்ளப்படுவார், அவர் இன்னொருவரைத் தள்ளுவார். ரகம் மாறும் ஒவ்வொருவருக்கும் வகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயிற்சியாளரோடு பயணிகள் விமானத்தில் பறப்பு. முடியும்வரை அவர் வழக்கமான பணிக்குக் கணக்கில் இல்லை. இரண்டே வருடம் பறக்கப்போகும் ஒருவருக்காகப் பல பேரின் பயிற்சி. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கக் கொண்டுவந்த விதி, சிமுலேட்டர் வாசலில் புதிய நெரிசலை உண்டாக்கிவிடும்.

பாதுகாப்பு என்ற வாதத்தை இரு தரப்பும் பயன்படுத்துகின்றன. 60க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல். அதற்கு மேல் சிமுலேட்டர் சோதனை, அதில் ஒரு விமானி திடீரென்று செயலிழந்தால் மற்றவர் தனியாக இறக்கும் பயிற்சியும் உண்டு. 65இல் நன்றாக இருப்பவர் 65 வயது 1 நாளில் கெட்டுப்போவதில்லை என்பது உண்மை. வயது ஏற ஏற இதயக் கோளாறு, செவித்திறன், இரவில் கண், தூக்கம் எல்லாம் மாறுகின்றன என்பதும் உண்மை. ஆளுக்கு ஆள் சோதித்துச் சொல்லும் துல்லியமான கருவி இல்லாததால் எல்லோருக்கும் ஒரே எண். நியாயம் முழுதாக இல்லாவிட்டாலும், யாரையும் தனியாகக் குறிவைக்க முடியாத விதி இது. அந்த ஒரு காரணத்துக்காகவே சங்கங்கள் இதை விரும்புகின்றன.

மெடிக்கலில் ரயில்வேக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏ-ஒன் மருத்துவத் தகுதி போனால் டிகேட்டகரைஸ் செய்து, அதாவது கீழ்த் தகுதிப் பிரிவுக்கு மாற்றி, சம்பளத்தைக் காத்து வேறு வேலை தருவார்கள். ரன்னிங் ஸ்டாஃப் என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் 55 விழுக்காடு சேர்த்து ஓய்வூதியம் கணக்கிட்டிருப்பார்கள். தனியார் விமானத்தில் இந்த இரண்டும் கிடையாது. சர்க்கரை முற்றி இன்சுலின் போடும் நிலை வந்தால் ஐகாவோ விதிப்படி தகுதி போய்விடும். அன்றோடு சம்பளமும் நிற்கலாம். அதற்காகத்தான் லைசென்ஸ் இழப்புக் காப்பீடு. வயது ஏற ஏற அதன் பிரீமியம் ஏறும், தரும் தொகை இறங்கும். சங்கம் கூட்டாகப் பேசி வாங்கும் காப்பீட்டுக்கும் தனியாள் வாங்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

பட்டியல்கள் ஒன்றாகச் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பாடம். 2005இல் அமெரிக்கா வெஸ்ட் நிறுவனமும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்தன. 2007இல் நடுவர் ஒரு கூட்டுப் பட்டியல் தந்தார். பெரிய விமானம் ஓட்டிய கிழக்குப் பக்கத்து, அதாவது யுஎஸ் ஏர்வேஸின், 517 பேரை உச்சியில் வைத்துவிட்டு, மற்றவர்களை இரு பக்கத்திலிருந்தும் விகிதப்படி கலந்தார். நெடுநாள் சேவை உள்ள கிழக்கு விமானிகள் சிலர், மேற்கில் அண்மையில் சேர்ந்தவருக்குக் கீழே போனார்கள். எண்ணிக்கையில் பெரியவர்களான கிழக்கு விமானிகள் தாங்கள் இருந்த சங்கத்தையே வாக்கெடுப்பில் கவிழ்த்து 2008இல் புதுச் சங்கம் கண்டார்கள். அந்தப் பட்டியல் அமலாகவே இல்லை. வழக்கு பல வருடம் ஓடியது, அத்தனை காலமும் பழைய சம்பளத்தில் இரண்டு பக்கமும் பறந்தன. நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான நிலைமை இருந்திருக்காது.

நம் நாட்டில் 2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. நிறுவனம் ஒன்று, சங்கங்கள் இரண்டு. போயிங் 787 என்ற பெரிய விமானத்தின் பயிற்சியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பங்கு என்றதும், பழைய ஏர் இந்தியா பக்கத்து விமானிகள் சங்கம் 2012 மே மாதம் பணியை நிறுத்தியது. 58 நாள் ஓடியது. மேலோட்டமாகப் பார்த்தால் பயிற்சித் தகராறு. உள்ளே இருந்தது யார் முதலில் பெரிய விமானத்தில் கேப்டன் ஆவது என்ற வரிசைதான்.

பேரம் பேசும் முறையில் இரு நாட்டுக்கும் தூரம் அதிகம். அமெரிக்காவில் 1926இன் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத்துக்கும் நீட்டப்பட்டது. ஒப்பந்தம் காலாவதி ஆகாது, திருத்தத்துக்கு வரும். பேச்சு, அரசின் சமரசம், அது தோற்றதாக அரசின் சமரச வாரியம் அறிவித்தால் 30 நாள் ஆறப்போடுதல், அதற்குப் பிறகே வேலைநிறுத்தம். வருடக்கணக்கில் இழுக்கும். ஆனால் முடிவில் வருவது நூற்றுக்கணக்கான பக்கமுள்ள ஒப்பந்தம், அதில் சீனியாரிட்டி சட்டம்போல நிற்கும்.

இங்கே 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆகாமல் வேலைநிறுத்தம் கூடாது, சமரசம் நடக்கும்போதும் முடிந்து ஏழு நாளும் கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் சாதாரண விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். இதற்கெல்லாம் முன்பே, 2017 முதல், கேப்டன் ராஜினாமாவுக்கு ஒரு வருடமும் துணை விமானி ஆறு மாதமும் நோட்டீஸ் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ விதி செய்திருக்கிறது. வேலையை நிறுத்துவதும் கடினம், விட்டு விலகுவதும் கடினம். அதனால் இங்கே சங்கங்களின் போராட்டம் பெரும்பாலும் நீதிமன்றத்திலும் டிஜிசிஏ வாசலிலும் நடக்கிறது. வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கிய, இரவு இறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த 2024இன் பணிநேர விதி அப்படிக் கிடைத்ததுதான். அதற்கேற்ப ஆள் எடுக்காமல் விட்டதன் விளைவை 2025 டிசம்பரில் இண்டிகோ பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்து அனுபவித்தார்கள்.

சம்பளத்தில் கவனிக்க வேண்டிய எண், உத்தரவாத மணிநேரம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணிக்குப் பணம் என்பது அது. விஸ்தாராவில் 70ஐ 40 ஆக்கப்போக, 2024 மார்ச், ஏப்ரலில் விமானிகள் போதாமல் பயணங்கள் ரத்தாயின. மணிக்கு இவ்வளவு என்ற தொகையைப் பார்த்து மயங்கக் கூடாது, உத்தரவாதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உங்கள் மைலேஜ் கணக்குத் தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓய்வு வயதிலும் நம் நிறுவனங்கள் ஒன்றுபோல இல்லை. சட்ட வரம்பு 65 என்றாலும் ஏர் இந்தியாவில் 58, விஸ்தாராவில் 60 என்று இருந்தது. இணைந்த பிறகு, 2025இல் ஏர் இந்தியா விமானிகளுக்கு 65 ஆக்கியது. ஆனால் இங்கே இளையவரின் முன்னேற்றத்தை முடிவு செய்வது ஓய்வைவிட விமான வரவுதான். 2023இல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்குக் கொள்முதல் அறிவித்தன. அவை நேரத்துக்கு வந்தால் துணை விமானி சீக்கிரம் கேப்டன் ஆவார். தாமதமானால் 65 என்றாலும் 67 என்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். நிறுவனம் மூடினால், 2019இல் ஜெட் ஏர்வேஸும் 2023இல் கோ ஃபர்ஸ்டும் நின்றதுபோல, எண் அன்றே செல்லாக்காசு.

மகளுக்கு இனி செய்ய வேண்டியது. பறப்புப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டும் முன் மெடிக்கல். முதலில் கிளாஸ் டூ, பிறகு கிளாஸ் ஒன். காட்பாடியிலிருந்து காலை வண்டியில் போய்ச் சேரக்கூடிய பெங்களூரிலேயே விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நிறக்குருடு, இதயம், காது மூன்றிலும் சிக்கல் இல்லை என்று தெரிந்த பிறகே வங்கிக் கடன். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். வணிக லைசென்ஸுக்கு 18 வயது, 200 மணி நேரம். கேப்டன் ஆக வேண்டிய மேல் லைசென்ஸுக்கு 21 வயது, 1500 மணி.

வேலைக் கடிதம் வந்ததும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: சீனியாரிட்டி எண் எந்தத் தேதியிலிருந்து, சேர்ந்த நாளா, பயிற்சி முடித்த நாளா? ஒரே நாளில் சேர்ந்தவர்களை எதை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள்? வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டன் எடுத்தால் அவர் பட்டியலில் எங்கே? ஓய்வு பெற்று ஒப்பந்தத்தில் திரும்புபவருக்கு எண் உண்டா? பிரசவ விடுப்பிலும் பறக்காத மாதங்களிலும் அவள் எண் அப்படியே நிற்குமா? நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தால் பட்டியலை யார் கலப்பார்கள்? உத்தரவாத மணி எத்தனை, அதைக் குறைக்க நிர்வாகத்துக்கு ஒருதலையாக அதிகாரம் உண்டா? பாண்டு, அதாவது நடுவில் விலகினால் பணம் கட்ட வேண்டிய ஒப்பந்தம், எத்தனை வருடம், எவ்வளவு தொகை, வருடாவருடம் குறையுமா, கடைசி நாள்வரை முழுதாக நிற்குமா? பதில் வாயால் வந்தால் போதாது, ஐயா. சீனியாரிட்டி லிஸ்ட் வெளியானதும் ஆட்சேபம் எழுத நாள் கெடு இருக்கும். முதல் லிஸ்டிலேயே தேதியையும் எண்ணையும் சரிபார்த்து, பிழை இருந்தால் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.